முதல் ஓலையில் ஒரு கூடுதல் சொல்

நான் வருவாய்த் துறையில் சேர்ந்தபோது, ஒரு மனிதரைச் சான்றிதழில் என்னவென்று எழுத வேண்டும் என்பதற்கு ஒரு பட்டியல் இருந்தது. துணை ஆட்சியராக ஓய்வு பெற்றபோதும் ஒரு பட்டியல் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் ஆட்கள் அவ்வளவாக மாறவில்லை. சொற்கள் மாறிக்கொண்டே இருந்தன. அரிசனர் என்று எழுதிய கையால் ஆதிதிராவிடர் என்று எழுதினேன். ஊனமுற்றோர் என்று எழுதிய கோப்பிலேயே மாற்றுத்திறனாளி என்று எழுதினேன். ஆணை வரும், பழைய ரப்பர் முத்திரை இழுப்பறைக்குப் போகும், புதிய முத்திரை செய்து வரும்வரை பழையதையே எடுத்துக் குத்துவோம். சீர்திருத்தம் என்பது நம் ஊரில் முத்திரை செய்பவரின் வேகத்தில்தான் நடக்கும்.

ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் சிரிக்க ஓர் ஆள் இருப்பார். எங்கள் அலுவலகத்தில் அவர் ஒரு மூத்த உதவியாளர். "பேர மாத்தினா ஆளு மாறிடுவானா மேடம்?" என்பார். அதே மனிதரை யாராவது வாய் தவறி 'குமாஸ்தா' என்று சொல்லிவிட்டால் அன்று முழுவதும் அவர் மேசையிலிருந்து ஒரு கோப்பும் நகராது. தன்னை என்னவென்று அழைக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் கருத்து உண்டு. அடுத்தவரை என்னவென்று அழைப்பது என்று வரும்போதுதான் 'பேரில் என்ன இருக்கிறது' என்ற தத்துவம் வரும்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம் என்று நினைத்துக்கொண்டுதான் இருந்தேன், கீழ் வீட்டு சார் மாடியேறி வந்து சந்தேகம் கேட்கும்வரை.

மந்தைவெளிக்கும் கடற்கரைக்கும் நடுவே உள்ள எங்கள் குடியிருப்பில், எனக்கு நேர் கீழ் வீட்டில் இருக்கும் தம்பதி இருவருமே ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். அவர் புவியியல், மனைவி கணக்கு. போர்ச்சுகீசியர் காலத்திலிருந்தே கத்தோலிக்கக் குடும்பம். தெருமுனையில் இருக்கும் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகளைத் தட்டச்சு செய்து கொடுப்பது ஓய்வுக்குப் பிறகு சார் தானாக ஏற்றுக்கொண்ட வேலை. அவர் என்னை மேடம் என்பார். அவர் மனைவி மாமி என்பார். நான் அவரை சார் என்றும் அவர் மனைவியை டீச்சர் என்றும் சொல்வேன். இதில் யாருக்கும் இதுவரை ஆட்சேபணை எழுந்ததில்லை.

அவர்களுடைய ஒரே மகள் அமெரிக்காவில் மருந்து ஆராய்ச்சி செய்கிறாள். கூட வேலை பார்க்கும் ஒருவரைத் திருமணம் செய்துகொள்ளப் போகிறாள் என்பதும், அவர் யார் என்பதும் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர்கூட அதைப் பற்றி எழுதவில்லை. அதனாலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். திருமணம் இங்கேயே, இவள் திருமுழுக்குப் பெற்ற கோயிலிலேயே என்று முடிவாகியிருந்தது. மகளே கேட்டுக்கொண்டது. டீச்சர் அதை மூன்று முறை என்னிடம் சொல்லிவிட்டார்.

அன்று சார் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஒரு சின்ன டவுட்டு மேடம். நீங்க கவர்மெண்ட்ல வார்த்தையெல்லாம் பாத்து எழுதினவங்க."

"சொல்லுங்க சார்."

"இந்த நீக்ரோன்ற வார்த்தை… இப்ப சொல்லக் கூடாதாமே?"

உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் பேப்பரை இறக்கினார்.

சாரைக் குற்றம் சொல்ல முடியாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பத்தாம் வகுப்புக்கு அவர் அதைத்தான் நடத்தினார். பாடப் புத்தகத்தில் உலக மக்களின் படம் ஒன்று இருக்கும்: நீக்ரோ, மங்கோலியர், காக்கேசியர். ஒவ்வொன்றுக்கும் முடி, மூக்கு, உதடு என்று தனித்தனியே விவரம், மாட்டுச் சந்தைக் கையேடு மாதிரி. "நாம எதுல சார் வருவோம்?" என்று எந்தப் பையனாவது கேட்டால், "நாம கலப்பு, உக்காரு" என்று சொல்லி மணி அடிக்கும்வரை சமாளிப்பாராம். அந்தக் காலத்தில் அது பாடத்தில் இருந்த சொல். பாடத்தில் இருந்தால் மரியாதையான சொல் என்றே பொருள். அவர் யாரையும் இழிவுபடுத்த அதைச் சொல்லவில்லை. அவருக்குப் புது முத்திரை வரவில்லை, அவ்வளவுதான்.

"வேண்டாம் சார். அதை விட்டுடுங்க," என்றேன்.

"அப்ப வேற என்ன? சொந்தக்காரங்க கேக்குறாங்க இல்ல."

கேட்டால் சும்மா இருக்க எனக்குத் தெரியாது. அந்தச் சொல் எப்போது வழக்கில் இருந்தது, பின் எப்படிப் போனது, நடுவில் வந்தவை எவை, இப்போது பத்திரிகைகள் எதை எழுதுகின்றன என்று காபி ஆறும்வரை சொன்னேன். ஆப்பிரிக்க அமெரிக்கர் என்பது எழுத்தில் யாரும் குறை சொல்ல முடியாத சொல். கறுப்பர் என்பதுதான் அவர்களில் பலர் இப்போது தாங்களே விரும்பிச் சொல்வது. இரண்டில் எது வேண்டும் என்பதைச் சம்பந்தப்பட்டவரையே கேட்பது உத்தமம் என்று முடித்தேன்.

"அந்த ரெண்டாவது வார்த்தை வேணாம் மேடம்," என்றார் சார். "அது எங்க வீட்ல கெடையாது."

அப்படிச் சொன்னபோது அவர் குரல் மாறியது. நான் காரணம் கேட்கவில்லை. முதல் சொல்லை ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

"உனக்கு ரிட்டயர் ஆயும் ஃபைல் மாடியேறி வந்துண்டிருக்கு," என்றார் என் கணவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் பால்கனியில் இருந்தேன். கோயில் ஒலிபெருக்கி எங்கள் வீட்டு வரவேற்பறையில் வைத்தது போலக் கேட்கும். நாங்கள் இந்துக்கள், ஆனால் இத்தனை வருடம் கேட்டதில் பூசை எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குப் பாட்டை வைத்தே தெரியும். எல்லோரும் 'நன்மை' என்கிற அப்பம் வாங்கி முடித்து, அறிவிப்புகள் தொடங்கின. முதலில் மெட்ரோ தோண்டலால் வண்டிகளைப் பின்தெருவில் நிறுத்தச் சொன்னார்கள். பிறகு ஓலை.

ஓலை என்பது அவர்கள் வழக்கம். திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகளில், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று கோயிலில் வாசிப்பார்கள். இப்போது கடிதத்தாளில் 'திருமண அறிவிப்பு' என்றுதான் அச்சிடுகிறார்கள். ஆனாலும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலைதான். மணமகன் எந்தப் பங்கு, அதாவது எந்தக் கோயிலைச் சேர்ந்தவர், பெற்றோர் யார், மணமகள் எந்தப் பங்கு, பெற்றோர் யார். அதற்கு மேல் அதில் ஒரு சொல் இருக்காது. துறையில் நான் பார்த்த எந்த அறிவிப்பையும்விட நேர்த்தியான வாசகம் அது.

பங்குத்தந்தைக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் சாருடைய மகளின் ஓலையை வாசித்தார். "அமெரிக்க நாட்டைச் சேர்ந்தவரும், ஆப்பிரிக்க அமெரிக்க இனத்தவருமான…" என்று தொடங்கியது. மணமகனின் பெயரும் பெற்றோர் பெயரும் வந்தன. பிறகு மகளின் பெயர். நம் பங்கைச் சேர்ந்த இன்னாரின் மகள். அவளுக்கு இனம் எதுவும் சொல்லப்படவில்லை. கடைசியாக, எப்போதும் வருகிற அந்த வரி: "இவர்களின் திருமணத்திற்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிபவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளார்கள்."

டம்ளரைக் கீழே வைத்தேன். ஆட்சேபணை கோரும் அறிவிப்பில் என்ன எழுதுவது என்பது எனக்கு உறக்கத்திலும் தெரியும். ஆளை அடையாளம் காணத் தேவையானதை மட்டும் எழுத வேண்டும். அதற்கு மேல் ஒரு விவரம் சேர்த்தால், அதைத்தான் ஆட்சேபிக்கச் சொல்கிறோம் என்று படிப்பவன் எடுத்துக்கொள்வான். பட்டா மாற்ற அறிவிப்பில் 'இரண்டாம் தாரத்தின் மகனான' என்று ஒரு கிராம நிர்வாக அலுவலர் ஆர்வத்தில் சேர்த்துவிட்டு, அந்த ஊரே நீதிமன்றத்துக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

"என்ன ஆச்சு?" என்றார் என் கணவர்.

"சொல்லு சரி. வச்ச எடம் சரியில்லை."

மதியம் டீச்சர் மேலே வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"மாமி, அவ லைவ்ல பாத்திருக்கா."

கோயில் பூசையை இப்போது யூடியூபில் நேரடியாகக் காட்டுகிறார்கள். நமக்குக் காலை, அவர்களுக்கு முந்தைய நாள் மாலை. தங்கள் ஓலையைக் கேட்க இரண்டு பேரும் ஆசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. இவள் வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறாள். அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். அவர் என்னவென்று கேட்டிருக்கிறார். வேறு வழியில்லாமல் சொல்லியிருக்கிறாள். உடனே அப்பாவுக்குப் போன்.

"என்ன சொன்னா?"

"'எனக்கு என்ன இனம்பா போட்டீங்க?'ன்னு கேட்டா. இவரு, 'உனக்கு எதுக்கும்மா, உன்னத்தான் எல்லாருக்கும் தெரியுமே'ன்னாரு. அவ்வளவுதான். 'கல்யாணத்த இங்கியே வச்சிக்கிறோம், நீங்க முடிஞ்சா வாங்க'ன்னுட்டு வச்சிட்டா மாமி."

முடிந்தால் வருவது என்பது என்ன என்று எனக்கும் டீச்சருக்கும் தெரியும். ஏற்கெனவே ஒருமுறை இவர்கள் இருவரும் அமெரிக்கத் தூதரகத்தில் விசாவுக்கு நின்று, ஒரு நிமிடத்தில் மறுக்கப்பட்டு வெளியே வந்தவர்கள். மீண்டும் விண்ணப்பித்தால் நேர்காணலுக்குத் தேதி கிடைப்பதற்குள் பேரப்பிள்ளையின் திருமுழுக்கே முடிந்துவிடும். அங்கே திருமணம் என்றால் ஒரே மகளின் திருமணத்தை இவர்கள் கைபேசியில்தான் பார்க்க வேண்டும்.

"ஜியாக்ரபி வாத்தியாருக்கு எதப் பாத்தாலும் மேப்ல குறிக்கணும்," என்றார் டீச்சர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கல்யாணப் பையன்னு இல்ல, கனிம வளம்னாலும் இதேதான்."

கோயிலில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டேன். ஒன்றும் இல்லையாம். அறிவிப்பு வாசிக்கும்போது பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஒரே ஒரு பெரியம்மா மட்டும் வெளியே வந்து, "பையன் குடிப்பானா?" என்று கேட்டாராம். ஆக, முதல் ஓலைக்கு வந்த ஆட்சேபணை ஒன்றே ஒன்று. அது மணமகளிடமிருந்து.

அடுத்த நாள் காலை சார் ஒரு தாளோடு வந்தார். திருத்த அறிவிப்பு எழுதிக்கொண்டு வந்திருந்தார். 'சென்ற ஞாயிறு வெளியான முதல் அறிவிப்பில், மணமகனைக் குறித்து இடம்பெற்ற ஆப்பிரிக்க அமெரிக்க இனத்தவர் என்னும் சொற்கள் நீக்கப்பட்டதாகக் கருதிக்கொள்ளவும்.'

"இத வாசிச்சா சரியாயிடுமா மேடம்?"

"சார், போன வாரம் செருப்பு தேடினவங்களும் இந்த வாரம் நிமிந்து பாப்பாங்க. திருத்தம்னு ஒண்ணு வந்தாத்தான் நம்ம ஊர்ல மூலத்தையே படிப்பாங்க."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் கேட்டேன், ஏன் அதைச் சேர்த்தார் என்று.

"கல்யாணத்தன்னிக்கு அந்தப் பையன் கோயிலுக்குள்ள வரும்போது எல்லாரும் திரும்பிப் பாத்து வாயப் பொளப்பாங்க. பாவம், எங்கிருந்தோ வர்ற பையன். முன்னாடியே தெரிஞ்சிட்டா யாரும் பாக்க மாட்டாங்கல்ல? மூணு வாரம் கேட்டுக் கேட்டுப் பழகிடும். மரியாதையான வார்த்தையாத்தான் போடணும்னுதானே உங்ககிட்ட வந்தேன்."

பாடத்தை மூன்று முறை சொன்னால் மாணவர்களுக்குப் பதிந்துவிடும் என்று நம்பியே வாழ்ந்த மனிதர். இந்தத் தவறை வேறு யாரும் செய்திருக்க முடியாது. கெட்ட எண்ணம் உள்ளவனுக்கு இவ்வளவு உழைப்பு இருக்காது.

"சரி, பையனே பிளாக்குனுதான் சொல்லிக்கிறாராமே, டீச்சர் சொன்னாங்க. அத ஏன் வேணாம்னீங்க?"

சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து இன்னொரு மடிப்பு மடித்தார்.

"அவ பொறந்தப்ப எங்கக்கா தொட்டில எட்டிப் பாத்து சொன்ன மொத வார்த்தை அது. 'கறுப்பியாப் பொறந்துட்டாளே'ன்னு. அதுலேர்ந்து வீட்டுக்கு வர்றவங்கல்லாம் கறுப்பி, கறுப்பிதான். குங்குமப்பூ வாங்கினியா, கடலமாவு போடுறியான்னு. என் ஸ்கூல்லயே ஒரு பையன் அவளப் பாத்து அந்த வார்த்தையச் சொன்னான். சர்வீஸ்ல ஒரு பிள்ளைமேலயும் கை வைக்காதவன் நான், அன்னிக்கு வச்சிட்டேன். அதுக்கப்புறம் எங்க வீட்டுக்குள்ள அந்த வார்த்தை வரக் கூடாதுன்னு சொல்லிட்டேன் மேடம். நெறம் கேட்டா மாநிறம். எங்க வீட்ல எல்லாரும் மாநிறந்தான்."

தமிழ்நாட்டில் மாநிறம் என்பது ஒரு நிறம் அல்ல. அது ஒரு சமரச உடன்படிக்கை. கல்யாண விளம்பரங்களைப் படித்தால் இந்த மாநிலத்தில் கறுப்பாக யாருமே இல்லை என்று தோன்றும். வெளுப்பாக இருப்பவரை நாம் சிவப்பு என்போம், சிவப்பில்லாதவரை மாநிறம் என்போம், மீதி இருப்பவருக்கு நிறத்தை விட்டுவிட்டு 'நல்ல படிப்பு, நல்ல வேலை' என்போம். நான் அப்போது இதைச் சாரிடம் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, மாப்பிள்ளைப் பையன் சாரோடு முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று தகவல் அனுப்பினார். வீடியோ அழைப்பு. நடைமுறைப்படி ஏதாவது கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்று சார் என்னையும் கூப்பிட்டார். திருமணத்துக்கு வருவாய்த் துறைத் துணை எதற்கு என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. சாப்பாட்டு மேசையில் கைபேசியை டப்பாவில் சாய்த்து வைத்து மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தோம், தேர்வுக் குழு மாதிரி.

திரையில் வந்தவர் உயரமான, நிதானமான மனிதர். சாரை அழைக்கும்போது 'சார்' என்றே சொன்னார். பேசியது ஆங்கிலம், நான் தமிழில் தருகிறேன்.

"எந்தச் சொல் போட்டீர்கள் சார்?"

சார் சொன்னார், தேர்வு முடிவு சொல்வது போல.

"அப்படியா. என் அப்பாவுக்கு ரொம்பப் பிடித்த சொல் அது," என்று சிரித்தார். "அவர் பிறந்தபோது மருத்துவமனையில் கலர்டு என்று எழுதினார்கள். பள்ளியில் நீக்ரோ, அப்போது அதுதான் மரியாதை. கல்லூரியில் பிளாக், அதற்காக என் பெரியப்பா ஊர்வலமே போனார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது ஆப்பிரிக்கன் அமெரிக்கன். நான்கு சொல்லுக்கும் நான்கு விதமாக முடி வெட்டிக்கொண்டேன் என்பார். எனக்கு பிளாக் போதும். என் தங்கை அதற்கும் அடுத்தது ஏதோ சொல்கிறாள், நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை."

எனக்கு அவரை அந்த நிமிடமே பிடித்துவிட்டது. இழுப்பறை நிறையப் பழைய முத்திரை வைத்திருக்கும் குடும்பம்.

"ஏன் போட்டீர்கள் என்று கேட்கலாமா சார்?"

"உங்களை யாரும் வெறித்துப் பார்க்கக் கூடாது என்று," என்றார் சார்.

"வெறிப்பார்கள் சார். என் உயரத்துக்கு என் ஊரிலேயே வெறிக்கிறார்கள்."

டீச்சர் சிரித்துவிட்டார். சாரும் சிரிக்கப் பார்த்தார். திரையின் ஓரத்தில் தோள் மட்டும் தெரிந்த மகள் சிரிக்கவில்லை. இப்போது அவள் முகத்தைக் கொண்டுவந்தாள், தமிழில் பேசினாள்.

"அப்பா, அவருக்கு எந்த வார்த்தைன்னு நான் போன வருஷமே சொன்னேன்."

"அது எனக்கு வாயில வராதும்மா. ஏன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அத்தை கறுப்பின்னு சொன்னாங்க, பெரியம்மா சொன்னாங்க. நீங்க ஒரு நாளும் சொல்லல. ஆனா யார் கேட்டாலும் மாநிறம் மாநிறம்னு நீங்க ஓடிப் போயி சொல்லுவீங்க. நான் கண்ணாடியில பாத்துக்கிட்டு நிப்பேன். அத்தை சொன்னப்ப கோவந்தான்பா வந்துச்சு. அது ஏதோ மறைக்க வேண்டிய விஷயம்னு நெனைக்க வச்சது நீங்கதான்."

சாரின் கை மேசை விரிப்பை நீவிக்கொண்டே இருந்தது.

"இப்ப அவருக்கும் அதையே பண்ணிட்டீங்க. நல்ல வார்த்தையாப் பாத்துப் போத்தி விட்டீங்க. அதுவும் எங்க? தடை இருந்தா சொல்லுங்கன்ற எடத்துல."

"அம்மாடி…" என்றார் டீச்சர்.

"நான் சண்டை போடலம்மா. ரெண்டாவது ஓலையும் கேப்போம். அதுக்கப்புறம் டிக்கெட்டப் பத்திச் சொல்றேன்."

திரை அணைந்தது. அடுத்த முறை சார் மாடிக்கு வரும்போது காபி மட்டும் கொடுப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

ஆனால் அந்த வாரம் அவர் வரவில்லை. டீச்சர்தான் சொன்னார், ஒரு பக்க அறிவிப்பை நாலு தடவை தட்டச்சு செய்தார் என்று. "அதுல மாத்துறதுக்கு என்னங்க இருக்கு, நாலே வரி" என்று கேட்டதற்கு, "எடுக்கிறதுதான் கஷ்டம்" என்றாராம். உபதேசியாரிடம் போய், இந்த வாரம் ஓலையை நானே வாசிக்கிறேன் என்று அனுமதியும் வாங்கியிருந்தார்.

இரண்டாம் ஞாயிறு பால்கனியில் இருப்புக் கொள்ளவில்லை. தயிர் வாங்குகிற சாக்கில் இறங்கி, கோயில் வாசலில் போய் நின்றேன். நன்மை முடிந்து சார் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தார். வகுப்பறைக் குரல். மணமகனின் பெயர், அவர் ஊர், அவருடைய பங்கு, பெற்றோர் பெயர். மகளின் பெயர். பிறகு தன் பெயரையும் மனைவியின் பெயரையும், யாரோ இருவருடையது போல வாசித்தார். தடை இருப்பின் தெரிவிக்க வேண்டும் என்ற வரியில் நின்று, ஒரு முறை எல்லோரையும் பார்த்துவிட்டு, "இது இரண்டாம் அறிவிப்பு" என்று முடித்தார். நான் அதுவரை எவ்வளவோ ஆணைகளிலிருந்து சொற்களை நீக்கியிருக்கிறேன். நீக்கிய இடம் இத்தனை சுத்தமாக இருந்து கேட்டதில்லை.

வெளியே வந்ததும் குப்பத்து மீனவப் பெரியவர் ஒருவர் சாரை மடக்கினார். சாரிடம் படித்தவரின் அப்பா.

"இன்னா வாத்தியாரே, போன வாரம் இன்னாவோ இனம்னு படிச்சாங்கோ. இந்த வாரம் அத்தக் காணமே? மாப்ள மாறிட்டாரா?"

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். போன வாரம் செருப்பு தேடியவர்கள் எல்லோரும் நன்றாகத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மாப்ள அதே மாப்ளதான் நைனா," என்றார் சார். "கறுப்பா, நல்லா ஒசரமா இருப்பாரு. எம் பொண்ணு கறுப்பு மாதிரியே கறுப்பு."

டீச்சரின் கை சட்டென்று அவர் முழங்கையைப் பிடித்தது.

"அப்ப ஜோடி சூப்பரா கீதுன்னு சொல்லு," என்றார் பெரியவர். "குடிப்பாரா?"

அதற்குள் யாரோ அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அன்று மாலையே டிக்கெட் போட்டுவிட்டதாக மகளிடமிருந்து ஒரு வரி வந்தது. மணமகன், அவர் அப்பா அம்மா, தங்கை, இவள். வேறு விளக்கம் இல்லை. டீச்சர் அந்த ஒரு வரியைக் காட்ட மாடியேறி வந்து, என் கணவரிடம் தனியாகவும் காட்டினார்.

அதற்கடுத்த வேலை என்னுடையது. மாப்பிள்ளை வீட்டார் இந்தியா வர விசா வேண்டும், இணையத்தில் நிரப்புவது. வெளிநாட்டில் உட்கார்ந்து நம் அரசாங்கப் படிவத்தை நிரப்புவது யாருக்கும் எளிதல்ல. மறுபடியும் அதே சாப்பாட்டு மேசை, அதே டப்பா, திரையில் இந்த முறை மாப்பிள்ளையின் அப்பா. வெள்ளைத் தாடி, மூக்குக் கண்ணாடி, பக்கத்தில் மகன். இனம் என்று எங்கேயும் கேட்கவில்லையே என்று அவர் ஆச்சரியப்பட்டார். மதம் கேட்பார்கள் என்றேன். அதற்குள் அடுத்த கட்டத்தில் நின்றுவிட்டார்.

"வெளியே தெரியும் அங்க அடையாளம் என்று கேட்கிறார்களே, என்ன எழுதுவது?"

அதில் 'இல்லை' என்று எழுதினாலும் ஏற்றுக்கொள்வார்கள். நான் அதைச் சொல்வதற்குள் சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். பள்ளியிறுதிச் சான்றிதழுக்காக வருடா வருடம் ஒவ்வொரு பிள்ளையின் உடம்பிலும் இரண்டு மச்சம் கண்டுபிடித்து எழுதிய ஆசிரியர் அவர். அவருக்கு 'இல்லை' என்ற பதில் பிடிக்காது.

"கையை மடக்கிக் காட்டச் சொல்லு. வெளிச்சத்துப் பக்கம்," என்று மாப்பிள்ளையிடம் தமிழிலேயே சொன்னார். அவருக்கு எப்படியோ புரிந்தது. பெரியவர் சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கையைத் திரைக்கு நேராக நீட்டினார்.

"இல்லேன்னு போட்டாலே போதும் சார்," என்றேன்.

"இருக்கும் மேடம். கறுப்புத் தோல்ல மச்சம் லேசுல தெரியாது, உத்துப் பாக்கணும். எங்க பிள்ளைங்களுக்கெல்லாம் நான்தானே பாத்தேன்," என்றார் சார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்கு இன்னும் பக்கத்தில் குனிந்தபடி. "கொஞ்சம் மேல… இன்னும் மேல… ஆங், அதோ."